கடைசி ஆளின் எண்

என் நாத்தனாரின் திருவான்மியூர் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டில், கீழ்த்தட்டில், பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தது அந்த ஷூ ஜோடி. அவருக்கு நடைப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிஸ்ட், "வழுக்காம, அடியில நல்லா பிடிப்பு இருக்கிற மாதிரி ஷூ ஏதாவது வெச்சிருக்காங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். பாண்டி பஜாரில் புதிதாக ஒன்று வாங்கி வந்திருக்கலாம். ஆனால் என் கை என்னைக் கேட்காமலேயே கீழ்த்தட்டுக்குப் போய்விட்டது. தாளைப் பிரித்தால், ஷூவின் அடிப்பள்ளங்களில் எட்டு வருடத்து மண் அப்படியே இறுகிக் கிடந்தது. நாகலாபுரம் மலையின் ஓடை மண். கரண்டியைக்கூடக் கழுவித் துடைத்துக் காயவைத்துத்தான் உள்ளே வைப்பார் என் நாத்தனார். இதை மட்டும் ஏன் கழுவாமல் சுற்றி வைத்தார் என்று தெரியவில்லை. கேட்டால் பதில் சொல்லும் நிலையில் இப்போது அவர் இல்லை.

அவர் என் கணவருடைய அக்கா. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "நேரம் கிடைக்கலை" என்று சொல்லிவிட்டு விசில் ஊதப் போய்விடுவார். நாத்தனார் என்றால் புது மருமகளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள் என்று கல்யாணத்துக்கு முன் எல்லோரும் என்னைப் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். இவரோ என் சமையலைப் பற்றியோ நகையைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசியதில்லை. கல்யாணமான மூன்றாவது மாதம் வீட்டுக்கு வந்தவர் என் கால்களைப் பார்த்தார். "பேங்க்ல உக்காந்து உக்காந்து கால் என்னம்மா இப்படி வீங்கிக் கிடக்கு? ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருப்பே? மலைக்கு வா" என்றார். எனக்கு மலையிடம் பகை ஒன்றும் இல்லை. தண்ணீர்தான் பயம். மெரினாவுக்கும் பெசன்ட் நகர் கடற்கரைக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தும், முழங்காலுக்கு மேல் அலை ஏறினால் அம்மாவைக் கூப்பிடும் ஜாதி நான். அதைச் சொன்னேன். "அருவின்னா தண்ணி இருக்கத்தான் செய்யும். நான் உன் பின்னாடியே வர்றேன், போதுமா?" என்றார். போதும் என்றுதான் எனக்கும் தோன்றியது.

சென்னையிலிருந்து வடக்கே செங்குன்றம், ஊத்துக்கோட்டை தாண்டிப் போனால், ஆந்திர எல்லைக்குள் அந்த மலைகள் வந்துவிடும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. பெரிய உயரம் ஒன்றும் இல்லை. வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்ததும் அங்கே ஓடைகளில் தண்ணீர் ஓட ஆரம்பிக்கும். ஓடைக்குள்ளேயே பாறை பாறையாகத் தாவி ஏறினால் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குளங்கள், ஒவ்வொன்றிலும் விழும் அருவிகள். மேலே உள்ள பாறையில் நின்றால் கிழக்கே ஒரு வெள்ளிக்கோடு தெரியும். அது வங்காள விரிகுடா என்பார் எங்கள் குழுவை நடத்திய கேப்டன். அவர் ராணுவத்திலும் இருந்ததில்லை, கப்பலிலும் இருந்ததில்லை. பெசன்ட் நகரில் குடியிருந்த இன்ஜினீயர், அவ்வளவுதான். "கடலாவது? வெறும் புகைமூட்டம் அது" என்பார் அண்ணி. இந்தச் சண்டை ஒவ்வொரு தடவையும் நடக்கும். இரண்டு பேரும் விட்டுக்கொடுத்ததே கிடையாது.

குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. அதைக் கொண்டுவந்ததே அண்ணிதான். பள்ளிப் பிள்ளைகளை எக்ஸ்கர்ஷன் அழைத்துப் போய்ப் பழகியவர் ஆயிற்றே. வேனில் ஏறும்போதே ஒவ்வொருவருக்கும் ஓர் எண். முன்னால் போகும் கேப்டன் எப்போதும் ஒண்ணு. ஒவ்வொரு ஓடையைக் கடந்ததும் அவர் நின்று தன் எண்ணைச் சொல்வார், பின்னால் வருகிறவர்கள் வரிசையாகத் தங்கள் எண்ணைக் கத்த வேண்டும். கடைசி ஆள் தன் எண்ணோடு 'கடைசி' என்ற வார்த்தையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் கேப்டன் அடுத்த அடி எடுத்து வைப்பார். ஓர் எண் விடுபட்டால் எல்லோரும் நிற்க வேண்டும், தேவைப்பட்டால் எல்லோரும் ஓடையைத் தாண்டித் திரும்பிப் போக வேண்டும். கடைசி ஆள் எப்போதும் அண்ணி. அவருக்கு முன்னால் நான். இதில் மீறக்கூடாத விதி ஒன்றே ஒன்று: ஒருவர் எண்ணை இன்னொருவர் சொல்லக்கூடாது.

அந்த விதியை நான் மீறிக்கொண்டுதான் இருந்தேன். கடைசி ஆளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வருகிறவர்கள் குளக்கரையில் போட்டுவிட்டுப் போகும் சிப்ஸ் கவர், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் அண்ணி ஒரு பெரிய பையில் பொறுக்கிக்கொண்டு வருவார். அதனால் எங்களுக்குப் பின்னால் பத்து இருபது அடி தள்ளித்தான் வந்து சேர்வார். இதோ வந்துகொண்டுதானே இருக்கிறார் என்று அவருடைய எண்ணையும் சேர்த்து நானே சொல்லிவிடுவேன். முதல் தடவை சிரித்தார். இரண்டாம் தடவை என் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டினார். பிள்ளைகளைத் தட்டுகிற அதே தட்டு. "என் நம்பரை நீ சொல்லாதே. விட்டா நான் செத்துப்போனாலும் ஆஜர் போட்டுடுவே போலிருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

அந்த ஷூ கடைசியாக மலை ஏறிய அன்றைக்கு நாங்கள் பன்னிரண்டு பேர். மழை விட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. அடிவாரத்தில் வேனை நிறுத்திய மந்தைவெளி டிரைவர், மேற்கே பார்த்துவிட்டு அண்ணியிடம் சொன்னார்: "இன்னா மேடம், மேல இருட்டிக்கினு கீது. இன்னிக்கு வோணாமே." அண்ணி கேப்டனைப் பார்த்தார். கேப்டன் போனில் வானிலையைப் பார்த்துவிட்டு, மதியத்துக்குள் இறங்கிவிடலாம் என்றார். இரண்டாம் குளம் வரை போனோம். அருவிக்குக் கீழே நின்று எல்லோரும் குளிக்க, நான் வழக்கம்போல் பாறையில் உட்கார்ந்து எலுமிச்சை சாதப் பொட்டலங்களுக்குக் காவல் இருந்தேன். திரும்பி இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. சாரல்தான். ஆனால் ஓடையின் நிறம் மாறியிருந்தது. போகும்போது கூழாங்கல் தெரிந்த தண்ணீர், டீ போல் ஆகியிருந்தது. சருகுகளும் சிறு குச்சிகளும் அதில் வேகமாக வந்தன. அவையெல்லாம் என்ன சொல்கின்றன என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தவர் பின்னால் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

கடைசி ஓடையை நான் எப்படித் தாண்டினேன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. தண்ணீர் தொடை வரை ஏறியிருந்தது. முன்னால் போன பத்தாம் எண்காரர் கை கொடுத்து இழுத்தார். கேப்டன் அடர்ந்த செடிகளுக்கு அப்பால் எங்கேயோ இருந்து "ஒண்ணு" என்றார். எண்கள் ஒவ்வொன்றாக என்னை நோக்கி வந்தன. பத்து என்றார் எனக்கு முன்னால் இருந்தவர், மழைக்கோட்டின் குல்லாயைக் காதுக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொண்டே. பதினொண்ணு என்றேன். திரும்பிப் பார்த்தேன். அக்கரையில் அண்ணி இல்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் குனிந்து எதையோ எடுத்துக்கொண்டிருப்பார், இதோ வந்துவிடுவார் என்று நினைத்தேன். இது பாதி உண்மை. மீதி உண்மையையும் எழுதிவிடுகிறேன். எண் குறைந்தால் எல்லோரும் திரும்பிப் போக வேண்டும். அந்தத் தண்ணீரில் இன்னொரு தடவை காலை வைக்க என்னால் முடியாது. "பன்னெண்டு, கடைசி" என்று கத்தினேன். அண்ணி கத்துவது போலவே, அந்த விளையாட்டு டீச்சர் குரலில் கத்தினேன். கேப்டன் நடக்க ஆரம்பித்தார். பாறைகளுக்கு நடுவில் அவ்வளவு வேகமாக நான் நடந்தது அதுதான் முதல் தடவை.

வேனை அடைய அரைமணி நேரம் ஆயிற்று. கதவைத் திறந்துவிட்ட டிரைவர் தலைகளை எண்ணினார். "இன்னா சார், பதினொரு பேர்தான் கீறீங்க. டீச்சர் எங்க?" என்றார். கேப்டன் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். எல்லோரும் திரும்பி ஓடினோம். ஓடை இருந்த இடத்தில் ஓடை இல்லை. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவில் செம்மண் நிறத்தில் ஒன்று உறுமிக்கொண்டு போனது. நான் தாண்டி வந்த பாறைகள் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் ஒரு பெரிய பாறைமேல் அண்ணி உட்கார்ந்திருந்தார். மடியில் குப்பைப் பை.

அவருக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த தூரம் எங்கள் தெருவின் அகலம்தான் இருக்கும். கேப்டன் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. அவர் கத்தியது எங்களுக்குக் கேட்கவில்லை. கயிறு யாரிடமும் இல்லை. போனில் சிக்னல் இல்லை. டிரைவர்தான், "இங்கியே நின்னுக்கினு இருந்தா ஆவாது" என்று சொல்லிவிட்டு அடிவாரக் கிராமத்துக்கு ஓடினார். மற்றவர்கள் நின்றோம். வேறு என்ன செய்வது? தண்ணீர் பாறையின் பாதிவரை ஏறியபோது அண்ணி எழுந்து நின்றார். பிறகு வலது கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் எங்களை ஒவ்வொருவராகக் காட்டினார். முதலில் எனக்குப் புரியவில்லை. எண்ணிக்கொண்டிருந்தார். பள்ளி மைதானத்தில் வரிசையில் நிற்கும் பிள்ளைகளை எண்ணுவது போல, கேப்டனில் தொடங்கி, டிரைவர் இல்லாத எங்கள் வரிசையை எண்ணிக்கொண்டே வந்து, ஓரத்தில் நின்ற என்னிடம் முடித்தார். பதினொன்று. தலையை ஒருதரம் ஆட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். அந்த நிமிடத்தில் தண்ணீரில் குதித்துவிட வேண்டும் போல எனக்கு இருந்தது. குதிக்கவில்லை. நின்றுகொண்டேதான் இருந்தேன்.

மூன்று மணி நேரம் கழித்து டிரைவரோடு கிராமத்து ஆட்கள் இரண்டு பேர் கயிற்றுடன் வந்தார்கள். தண்ணீர் கொஞ்சம் வடிந்திருந்தது. இடுப்பில் கயிறு கட்டி அண்ணியை இழுத்து வரும்போது, மிதந்து வந்த மரத்துண்டு ஒன்று அவர் முட்டியில் மோதியது. கரையேறியதும் அவர் செய்த முதல் வேலை, குப்பைப் பையை டிரைவரிடம் கொடுத்ததுதான். வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் துண்டை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டார். வண்டி கிளம்பியதும் கேப்டன் திரும்பி, பயந்துபோன மனிதர்களுக்கு வரும் கோபத்தோடு கேட்டார்: "பன்னெண்டு, கடைசின்னு என் காதால கேட்டேன் மேடம். நம்பர் சொன்ன அப்புறம் எதுக்குத் திரும்பிப் போனீங்க? ரூல் போட்ட நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

பதினொரு பேரும் அண்ணியைப் பார்த்தார்கள். தான் எண் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியும். யார் சொல்லியிருப்பார்கள் என்பதும் தெரியும். தெரியாமல் இருக்க அவர் என்ன குழந்தையா? நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்பார்களே, அதெல்லாம் இல்லை. நன்றாகத்தான் இருந்தது நாக்கு. நான்தான் பேசவில்லை. அண்ணி என் துண்டை நான்காக மடித்து என் மடியில் வைத்தார். "தப்புதான் கேப்டன். ஒரு பாட்டில் விட்டுப்போச்சுன்னு திரும்பிட்டேன்" என்றார்.

அடுத்த மாதம் குழுவில் கடைசி ஆளாக வேறொருவரைப் போட்டார்கள். முட்டி ஓரளவு சரியானாலும் அண்ணி அதற்குப் பிறகு மலைக்குப் போகவில்லை. கேட்டால், "மலை இல்லாட்டி கடல்" என்று சொல்லிவிட்டுத் திருவான்மியூர் கடற்கரையில் நொண்டி நொண்டி நடப்பார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கூட நடந்தேன். எட்டு வருடத்தில் மூன்று தடவை பேச்சை எடுத்திருக்கிறேன். ஒருதரம் சுண்டல்காரன் வந்துவிட்டான். ஒருதரம் எனக்கே தைரியம் போய்விட்டது. மூன்றாம் தடவை, "அண்ணி, அன்னிக்கு மலையில..." என்று ஆரம்பித்துவிட்டேன். "பழசெல்லாம் எதுக்கு இப்போ? வண்டி வருது பாரு, ஓரமா வா" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். தெருவில் வண்டி ஒன்றும் வரவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, பால் பாக்கெட்டை எடுக்காமல் இருக்கிறாரே என்று பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டியபோது, அண்ணி சமையலறைத் தரையில் கிடந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு போய்விட்டது. மைதானத்தின் இந்தக் கோடியில் பேசினால் அந்தக் கோடிக்குக் கேட்கும் குரல் அது. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது: "சரி சரி." காபி வேண்டுமா என்றால் சரி சரி. வலிக்கிறதா என்றால் சரி சரி. ஜன்னலை மூடட்டுமா, திறக்கட்டுமா என்று எதைக் கேட்டாலும் அதேதான். வேண்டும் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் அவரிடம் அது ஒன்றுதான் இருக்கிறது. நான் வங்கியில் நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு இங்கேயே தங்கிவிட்டேன். நாத்தனாருக்காக இவ்வளவு செய்கிறவர்கள் இந்தக் காலத்தில் உண்டா என்று அபார்ட்மென்ட்டில் எல்லோரும் மெச்சுகிறார்கள். கேட்கும்போது கூசுகிறது.

ஒரு மதியம், யாரும் இல்லாதபோது, அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். குரலை மாற்றிக் கத்தியதை, தண்ணீருக்குப் பயந்ததை, வேனில் வாயை மூடிக்கொண்டிருந்ததை. ஒன்று விடாமல் சொன்னேன். என் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "என்னை மன்னிச்சிடுங்க அண்ணி" என்று அழுதேன். "சரி சரி" என்றார். இந்தச் சரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கால் மணி நேரம் கழித்து, தலையணையை மாற்றட்டுமா என்று கேட்டேன். அதற்கும் அதே சரிதான், அதே குரலில். எட்டு வருடம் அவரால் பேச முடிந்தது, நான் பேசவில்லை. நான் பேசியபோது அவரால் முடியவில்லை. சொல்லி அழுதால் பாரம் குறையும் என்கிறார்கள். எனக்கு ஒரு குந்துமணி அளவுகூடக் குறையவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரத்துக்கு இரண்டு முறை ஒரு பெண் வருகிறார். பேச்சு போனாலும் எண்ணிக்கை, கிழமை, பாட்டு இதெல்லாம் சிலருக்குத் தங்கியிருக்கும் என்று சொல்லி, அண்ணிக்கு எதிரே உட்கார்ந்து "ஒண்ணு" என்று எடுத்துக் கொடுத்தார். அண்ணியின் இடது கை எழுந்தது. ஆள்காட்டி விரல் நீண்டது. "ரெண்டு, மூணு, நாலு..." ஒரு பிசிறு இல்லாமல் அந்தப் பழைய குரல் வந்தது. சமையலறையில் இருந்த நான் ஓடி வந்தேன். விரல் மின்விசிறியை, அலமாரியை, நாட்காட்டியை, அந்தப் பெண்ணை என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனது. வாசற்படியில் நின்ற என்னிடம் வந்தபோது "பதினொண்ணு" என்றார். அதோடு நிறுத்திவிட்டார். "அடுத்து? சொல்லுங்கம்மா, பன்..." என்றார் அந்தப் பெண். அண்ணி கையைக் கீழே போட்டார். "சரி சரி" என்றார்.

அன்றிலிருந்து தினமும் இது நடக்கிறது. எத்தனை தடவை ஆரம்பித்தாலும் பதினொன்றில்தான் நிற்கிறார். என் குற்றத்தைத்தான் சொல்லிக் காட்டுகிறாரா, அல்லது அக்கரையில் நின்று செய்தது போல எங்களையெல்லாம் எண்ணிவிட்டு, எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள் என்று நிம்மதியாக விடுகிறாரா, எனக்குத் தெரியவில்லை. மூளையில் ஏதோ நரம்பு அந்த இடத்தில் அறுந்திருக்கலாம், அவ்வளவுதான் என்றும் இருக்கலாம். "அவங்க நின்னா நீங்க எடுத்துக் கொடுங்க மேடம், ரெண்டு தடவை கேட்டா மூணாவது தடவை அவங்களே சொல்லிடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் அந்தப் பெண். என்னால் முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் கணவர் வந்திருந்தார். அவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அண்ணி பதினொன்றில் நின்றதும், "சொல்லிக் குடேன், ஒரு வார்த்தைதானே?" என்று என்னைக் கடிந்துகொண்டு, "பன்னெண்டு, அக்கா, பன்னெண்டு" என்று அவரே சொன்னார். அண்ணி இடது கையை நீட்டி அவர் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டினார். "பாரேன், அடிக்கறாங்க!" என்று சந்தோஷமாகச் சிரித்தார் அவர். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

நேற்றும் நடைப் பயிற்சிக்கு அந்த ஷூவை மாட்டிவிட்டேன். வலது கால் அதற்குள் இப்போது சரியாக நுழைவதில்லை, நாடாவை முழுக்கத் தளர்த்த வேண்டியிருக்கிறது. ஹாலில் நான்கு அடி நடந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கால் பட்ட இடமெல்லாம் ஷூவிலிருந்து உதிர்ந்த மண் கிடந்தது. "ஒண்ணு" என்று ஆரம்பித்து வைத்தேன். விரலை நீட்டி எண்ணிக்கொண்டே வந்தவர், என்னைக் காட்டிப் பதினொண்ணு என்று சொல்லி நிறுத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை. அது அவருடைய எண், அவர்தான் சொல்ல வேண்டும். நீட்டிய விரல் தானாகக் கீழே இறங்கும்வரை காத்திருந்தேன். அப்புறம் குனிந்து அவருடைய ஷூவைக் கழற்றினேன்.